புகைமூட்டம்: காற்றின் கேடும் அதைச் சொல்லும் தமிழும்

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. மூன்று மணி நேரச் சராசரியாகக் கணக்கிடப்பட்ட அவ்வெண், இந்நாடு அதுவரை கண்டிராத உச்சம். அன்று காலையில் நான் என் மூத்த அக்காளைத் தொலைபேசியில் அழைத்திருந்தேன். அவருக்கு இளமை முதலே ஆஸ்துமா உண்டு. “நேற்றுக் குறியீடு முந்நூற்றைத் தாண்டிவிட்டது அக்கா. இன்றைக்கும் கவனமாக இருங்கள்” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றபோது சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கூடத்தின் நடுவே தூபக்காலில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. “வெளியிலேருந்து வர்ற புகை நாத்தம் தாங்கல தம்பி. வீடு சுத்தமாகட்டும்னு சாம்பிராணி போட்டேன்” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இரண்டு முறை வாங்கியது. அன்றிரவை நாங்கள் மருத்துவமனையில் கழித்தோம். மறுநாள் நலமாக வீடு திரும்பினார். ஆயினும் அந்த இரவு எனக்குள் எழுப்பிய கேள்வி இன்றும் அகலவில்லை.

நான் தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவன்; சொற்பொருளைப் பற்றிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன். என் உடன்பிறந்தவருக்கு உயிர்காக்கும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டிய வேளையில் ஓர் எண்ணையும் ‘கவனம்’ என்ற ஒரு சொல்லையும் மட்டுமே சொன்னேன். எதில் கவனம், எதைச் செய்யலாகாது, ஏன் செய்யலாகாது என்பவற்றைச் சொல்லவில்லை. காற்றின் மாசு அறிவியலாரும் மருத்துவரும் பேச வேண்டிய பொருள் என்பது உண்மையே. எனினும் அவர்கள் கண்டறிந்தவை நம் வீட்டுக் கூடம்வரை வந்து சேர்வது மொழியின் வழியாகத்தான். ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வழியைச் செப்பனிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நல்ல புகை, கெட்ட புகை

அக்காளின் செயலை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவருடைய செயலுக்குப் பின்னே தமிழரின் நெடுங்கால வழக்கம் ஒன்று உண்டு. நம் பண்பாட்டில் எல்லாப் புகையும் தீயதன்று. தலைமுழுகிய பிறகு கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். குளித்த குழந்தைக்கும் காட்டுகிறோம். கொசுவை விரட்ட வேப்பிலையைப் புகைக்கிறோம். வழிபாட்டில் தூபம் இன்றியமையாதது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த என் தலைமுறையினருக்குப் புகையென்றால் பிழைப்பும்கூட. பாலை உறையவைத்துத் தகடாக அழுத்தி, விறகுப் புகை நிறைந்த அறையில் நாள்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அப்புகையின் வாடை படியாத சட்டை எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

எனவே நம் மொழியில் ‘புகை’ என்னும் சொல் தனியே நிற்கும்போது எச்சரிக்கை ஆவதில்லை. அதனோடு சேரும் அடைதான் நன்மை தீமையைக் காட்டுகிறது. சாம்பிராணிப் புகை தூய்மை செய்வது. அடுப்புப் புகை கண்ணைக் கரிப்பது. சிகரெட்டுப் புகை நோய் தருவது. இவ்வேறுபாடு முழுவதும் மணத்தையும் பயனையும் கொண்டு மனிதர் வகுத்தது. நுரையீரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கரிமப் பொருள் எதுவாயினும், அது முழுமையாக எரியாமல் புகையும்போது நுண்துகள்களையும் நச்சு வளிகளையும் வெளியிடும். சாம்பிராணி நறுமணத்தால் வெளிப்புகையின் நாற்றத்தை மறைக்கும். ஆனால் அது அகற்றுவதாக நாம் எண்ணிக்கொள்ளும் துகள்களோடு தன் துகள்களையும் சேர்த்துவிடும். சன்னல்கள் அடைபட்ட வீட்டில் அவை வெளியேறவும் வழியில்லை.

இந்த ஒரு விளக்கத்தை அன்று காலை நான் சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத மாசு

‘மாசு’ என்பது நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. கறை, அழுக்கு, குற்றம் ஆகிய பொருள்களில் அது வழங்கும். ‘மாசற்ற’ என்னும்போது நம் மனக்கண் முன் தோன்றுவது வெண்மையான துணியோ துலக்கிய கண்ணாடியோதான். அதாவது, மாசு கண்ணுக்குப் புலப்படும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது. தூசி, தும்பு, கரி, புழுதி என்னும் உறவுச் சொற்களும் அத்தகையனவே.

இன்றைய காற்றின் முதன்மையான கேடோ கண்ணுக்குப் புலப்படாதது. ‘பி.எம். 2.5’ எனப்படும் நுண்துகள்களின் குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ ஆகும். ஒரு மில்லிமீட்டரை 400 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு 2.5 மைக்ரோமீட்டர். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு மயிரிழையின் குறுக்கே இத்தகைய துகள்கள் இருபதுக்கு மேல் வரிசையாக நிற்கலாம்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதை நம் உடலின் அமைப்பு விளக்கும். பெரிய தூசியை மூக்கின் உரோமங்களும் சளிப்படலமும் தடுத்துவிடும். அவற்றைக் கடந்து செல்வனவற்றை மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் அலையலையாக அசைந்து மேல்நோக்கித் தள்ளும். நாம் இருமியும் தும்மியும் அவற்றை வெளியேற்றுகிறோம். இருமல் என்பது உடலின் காவலர் தம் கடமையைச் செய்வதன் அடையாளம். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் இக்காவலைத் தாண்டி, நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்று நுண்ணறைகளை அடைகின்றன. அங்கேதான் உயிர்வளி குருதியில் கலக்கிறது. அவ்விடத்தில் படியும் துகள்கள் அழற்சியைத் தூண்டுகின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை குருதியோட்டத்திலும் புகுகின்றன.

ஆகவே காற்று மாசு நுரையீரலோடு நிற்பதில்லை. ஆஸ்துமாவையும் மூச்சுக்குழல் அழற்சியையும் கடுமையாக்குவதோடு மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது காரணமாகிறது. கருவுற்ற தாயர் மாசடைந்த காற்றை நெடுநாள் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு மிகுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013ஆம் ஆண்டு அக்டோபரில், வெளிக்காற்றின் மாசு மனிதரிடையே புற்றுநோயை உண்டாக்கும் என உறுதிசெய்து, புகையிலைப் புகை இடம்பெற்றுள்ள அதே முதற்பிரிவில் அதனைச் சேர்த்தது. வெளிக்காற்றின் மாசும் வீட்டினுள் எழும் புகையும் சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 லட்சம் பேரை உரிய காலத்துக்கு முன்பே இறக்கச் செய்கின்றன என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

குழந்தைகள் இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார்கள். அவர்கள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. திடலில் ஓடி விளையாடும் பிள்ளை, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைவிடப் பன்மடங்கு காற்றை இழுக்கிறது. புகை சூழ்ந்த நாளில் உடற்பயிற்சிப் பாடத்தை உள்ளரங்குக்கு மாற்றுவதற்கான காரணம் இதுவே.

எண்ணையும் சொல்லையும் படித்தல்

சிங்கப்பூரில் வெளியிடப்படும் குறியீட்டைப் ‘பி.எஸ்.ஐ.’ என்கிறோம். மலேசியாவில் அது ‘ஐ.பி.யு.’. இரண்டும் ஏறத்தாழ ஒரே படிநிலைகளைக் கொண்டவை. 50 வரை நல்ல நிலை. 51 முதல் 100 வரை மிதமான நிலை. 101 முதல் 200 வரை உடல்நலத்துக்கு ஒவ்வாத நிலை. 201 முதல் 300 வரை மிகவும் ஒவ்வாத நிலை. 300க்கு மேல் அபாய நிலை.

இவ்வெண் எதனைக் குறிக்கிறது என்று உயர்நிலை மாணவர்களைக் கேட்டால், காற்றில் உள்ள புகையின் விழுக்காடு என்று பலர் விடையளிப்பர். அது விழுக்காடு அன்று. இரண்டு வகை நுண்துகள்கள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன் ஆகிய ஆறு மாசுகளையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்குறியீடு கணக்கிட்டு, அவற்றுள் மிக உயர்ந்ததையே அறிவிக்கிறார்கள். சிங்கப்பூரில் பி.எம். 2.5 அளவு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் இக்குறியீட்டில் சேர்க்கப்பட்டது. மலேசியா 2018ஆம் ஆண்டில் அதனைச் சேர்த்தது. ஆதலால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களையும் இன்றைய எண்களையும் அப்படியே ஒப்பிடலாகாது.

மற்றொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். 24 மணி நேரக் குறியீடு ஒரு முழு நாளின் சராசரி. ஒரு மணி நேர பி.எம். 2.5 அளவு இப்போதைய நிலையைச் சொல்வது. நாளை வெளியூர்ப் பயணம் போகலாமா என்று முடிவுசெய்ய முன்னது பயன்படும். இப்போது திடலுக்குப் போகலாமா என்று முடிவுசெய்யப் பின்னதையே பார்க்க வேண்டும். காலையில் தெளிவாக இருந்த காற்று நண்பகலில் கெட்டுவிட்டால், 24 மணி நேரச் சராசரி அதனை உடனே காட்டாது.

இனி, எண்ணோடு வரும் சொற்களைப் பார்ப்போம். ‘மிதமான’ என்னும் சொல் தமிழ் உள்ளத்தில் நற்பொருளையே எழுப்புகிறது. மிதமான உணவு, மிதமான வெயில், மிதமான பேச்சு என எல்லாமே விரும்பத்தக்கவை. எனவே ‘காற்றின் தரம் மிதமாக உள்ளது’ என்னும் செய்தியைக் கேட்கும் முதியவர், காற்று இன்று இதமாக இருப்பதாகவே கொள்வார். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான மொழிபெயர்ப்பு என்னும் அளவில் அதில் பிழையில்லை. கேட்பவர் மனத்தில் விளையும் பொருளில்தான் பிழை நேர்கிறது. ‘நடுத்தர அளவில் மாசு உள்ளது, மூச்சுநோய் உள்ளவர் விழிப்பாக இருக்க’ என்று இருவரி கூடுதலாகச் சொன்னால் அப்பிழை நேராது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டு அளவைத் திருத்தி, ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் பி.எம். 2.5 துகள்கள் இருத்தலாகாது என்றது. முன்பு அது 10 ஆக இருந்தது. வாகனங்களும் ஆலைகளும் கப்பல்களும் நிறைந்த சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற நகரங்கள் புகைமூட்டம் வராத ஆண்டுகளிலும் இவ்வளவைத் தாண்டியே நிற்கின்றன. எனவே மாசு என்பது செப்டம்பர் மாதத்து விருந்தாளி மட்டும் அன்று.

தண்ணீருக்கு அடியில் உறங்கிய கரி

புகைமூட்டத்தின் பிறப்பிடத்தை அறிய நாம் சுமத்ரா, கலிமந்தான் தீவுகளின் தாழ்நிலங்களுக்குச் செல்ல வேண்டும். அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக மரங்களும் இலைகளும் நீர் தேங்கிய நிலத்தில் விழுந்து, உயிர்வளி எட்டாமையால் முழுமையாக மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சில இடங்களில் இப்படிவு பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. மலாய்மொழியில் இதனைக் ‘கம்புட்’ என்பர். தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. இங்குக் ‘கரிச்சதுப்பு’ என்று குறிப்பிடுகிறேன். உலக நிலப்பரப்பில் இத்தகைய நிலங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடே. ஆனால் உலகக் காடுகள் அனைத்தின் மரஞ்செடிகளிலும் உள்ளதைவிட மிகுதியான கரிமத்தை இவை தம்முள் பொதிந்து வைத்துள்ளன.

நீர் நிறைந்திருக்கும்வரை கரிச்சதுப்பு எளிதில் தீப்பற்றாது. செம்பனை நடவும் காகிதக்கூழுக்கான மரம் வளர்க்கவும் அந்நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தபோதுதான் இன்னல் தொடங்கியது. 1990களின் நடுப்பகுதியில் நடுக் கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தை நெல்வயலாக மாற்றும் திட்டம் ஒன்றை இந்தோனேசிய அரசு தொடங்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. உலர்ந்த கரிச்சதுப்பு மட்டும் எஞ்சியது.

நிலத்தைத் திருத்துவதற்குத் தீயே மலிவான கருவி. உலர்ந்த கரிச்சதுப்பில் வைத்த தீ மேலே அணைந்தாலும் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே வாரக்கணக்கில் பரவும். சுடர்விட்டு எரியும் தீயைவிடக் கனலும் தீ மிகுந்த புகையைத் தரும். கனமழை பெய்தாலன்றி அதனை அணைத்தல் அரிது. ஜூன் முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அப்புகையைத் தீவக்குறை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து வருகிறது. எல் நினோ நிலவும் ஆண்டுகளில் மழை பொய்ப்பதால் கேடு பெருகுகிறது. 1997, 2015 ஆகிய இரண்டும் அத்தகைய ஆண்டுகள்.

1997 செப்டம்பரில் சரவாக் மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது; அம்மாதத்தில் அங்குக் குறியீடு 800ஐயும் தாண்டியது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லெடாங்கிலும் அவ்வாறே அறிவிக்க நேர்ந்தது. 2015 செப்டம்பர் 25ஆம் நாள் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. 2019இலும் 2023இலும் புகை மீண்டும் வந்தது.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். முதலில் மூச்சுத் திணறுபவர் தீக்கு அருகில் வாழ்பவரே. 2015இல் நடுக் கலிமந்தானின் தலைநகரான பலங்காராயாவில் குறியீடு 500 என்னும் எல்லையை மும்மடங்குக்கு மேல் கடந்தது. அவ்வாண்டு 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்ததாகவும், இந்தோனேசியாவுக்கு ஏற்பட்ட இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் எனவும் உலக வங்கி கணக்கிட்டது. மூன்று நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன் இறந்திருக்கக்கூடும் என 2016இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் இந்தோனேசியர். அம்மதிப்பீட்டை மூன்று அரசுகளும் ஏற்கவில்லை. எண்ணைப் பற்றி வாதிடலாம். புகையால் யார் மிகுதியாகத் துன்புற்றனர் என்பதில் வாதமில்லை.

சுற்றுச்சூழலின் இழப்பும் சிறிதன்று. ஒராங் ஊத்தான் உள்ளிட்ட காட்டுயிர்கள் உறைவிடம் இழந்தன. புகைத்திரை சூரிய ஒளியைக் குறைத்துப் பயிர்களின் ஒளிச்சேர்க்கையைத் தளர்த்தியது. 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பல நாள்கள் அத்தீயால் வெளியேறிய பசுமைக்குடில் வளிகள், அமெரிக்க நாடு முழுவதும் ஒரு நாளில் வெளியிடுவதை விஞ்சின. பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்த கரிமம் சில வாரங்களில் வானேறியது.

மூடுதலும் மூட்டுதலும்

இனி என் துறைக்குத் திரும்புகிறேன். ‘ஓடு’ என்னும் வினையடி ‘ஓட்டம்’ ஆவது போலவும், ‘வாடு’ என்பது ‘வாட்டம்’ ஆவது போலவும், ‘மூடு’ என்பது ‘மூட்டம்’ ஆகிறது. மேகமூட்டம் என்னும் பழகிய சொல்லின் அச்சில் புகைமூட்டம் என்னும் சொல் அமைந்தது. அழகான ஆக்கம், எளிதில் விளங்குவது. ஆனால் மேகத்தோடு ஒப்புமை பெற்ற அந்த நொடியிலேயே புகையும் வானிலையின் ஒரு கூறாகிவிட்டது. மேகம் தானே வரும், தானே போகும். அதற்கு யாரும் பொறுப்பில்லை.

மற்ற மொழிகளிலும் இதே நிலைதான். ஆங்கிலத்தின் ‘ஹேஸ்’ மென்மையான மங்கலையே குறிக்கும். இந்தோனேசியர் ‘கபுட் அசாப்’ என்பர். ‘கபுட்’ என்பது மூடுபனி, ‘அசாப்’ என்பது புகை. அச்சொல்லில் புகையேனும் வெளிப்படையாக நிற்கிறது. மலேசியாவில் வழங்கும் ‘ஜெரெபு’வில் அதுவும் இல்லை. இலண்டன் மக்கள் தம் நகரின் நிலக்கரிப் புகையை நெடுங்காலம் ‘மூடுபனி’ என்றே அழைத்து வந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் ஒருவர் புகை, மூடுபனி என்பவற்றின் ஆங்கிலச் சொற்களைப் பிணைத்து ‘ஸ்மாக்’ என்னும் சொல்லைப் பரப்பினார். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்நகரைச் சூழ்ந்த புகையால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என முதலில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. சொல் மாறியதால் மட்டும் சட்டம் வந்துவிடவில்லை. ஆயினும் பனியைத் தடுக்கச் சட்டம் கேட்பவர் யாருமில்லை. புகையைத் தடுக்கவே கேட்பர்.

தமிழில் மற்றொரு வினையும் உண்டு. ‘மூட்டு’ என்றால் தீயைப் பற்றவைத்தல். ‘அடுப்பை மூட்டினாள்’ என்னும்போது மூட்டியவர் வாக்கியத்தில் நிற்கிறார். பின்வரும் நான்கு வாக்கியங்களை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

1. புகைமூட்டம் நகரைச் சூழ்ந்தது.
2. சுமத்ராவில் காட்டுத்தீ ஏற்பட்டது.
3. நிலத்தைத் திருத்துவதற்காகச் சதுப்புக்காட்டில் தீ மூட்டப்பட்டது.
4. நிலத்தைத் திருத்துவதற்காகச் சிலர் சதுப்புக்காட்டில் தீ மூட்டினர். அவர்கள் யார் என்பது இன்னும் தெரியவில்லை.

நான்கும் இலக்கணப் பிழையற்றவை. முதல் வாக்கியத்தில் புகையே எழுவாய். அது தானே வந்தது போலும். இரண்டாவதில் தீயும் தானே உண்டாகிவிட்டது. மூன்றாவதில் நோக்கம் வெளிப்படுகிறது, ஆள் மறைந்திருக்கிறார். நான்காவது வாக்கியம் ஆளைப் பெயர்சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அவருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவைத்து, கேள்வியை உயிரோடு காக்கிறது. சான்றில்லாமல் ஒருவரைக் குற்றம் சாட்டுவது தவறு. குற்றம் செய்தவரே இல்லை என்பது போல எழுதுவதும் தவறே. நான்காம் வாக்கியம் இவ்விரண்டு தவறுகளையும் தவிர்க்கிறது.

சட்டமும் இவ்விடத்தைத்தான் நிரப்ப முயல்கிறது. 2002 ஜூனில் ஆசியான் நாடுகள் எல்லைகடந்த புகைமாசு ஒப்பந்தத்தில் கோலாலம்பூரில் கையொப்பமிட்டன. இந்தோனேசியா அதனை 2014இல் ஏற்புறுதி செய்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. சிங்கப்பூரின் காற்றைக் கெடுக்கும் தீக்குக் காரணமான நிறுவனம் எந்நாட்டில் இருப்பினும், நாளொன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரையும், மொத்தத்தில் 20 லட்சம் வெள்ளி வரையும் தண்டம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. நிலவரைபடமும் நிறுவனப் பதிவுகளும் எளிதில் கிடைக்காமையால் அதைச் செயற்படுத்துதல் கடினமாகவே இருந்து வருகிறது.

நம் பங்கும் இதில் உண்டு. அத்தோட்டங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடுகளும் உள்ளன. நாம் சமைக்கும் எண்ணெயிலும் குளிக்கும் சவர்க்காரத்திலும் செம்பனை இருக்கிறது; நாம் எழுதும் தாளும் ஏதோ ஒரு காட்டின் மரமே. ‘அவர்களுடைய புகை’ என்று சொல்லும்முன் இதனையும் எண்ணிப் பார்த்தல் நேர்மை.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, வீட்டுத் தமிழில் எச்சரிக்கை எழுதும் பயிற்சி. அலுவல் அறிவிப்பு ஒன்றை மாணவரிடம் கொடுத்து, தம் பாட்டிக்குச் சொல்வது போல ஐந்து வரிகளில் எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘கவனம்’ போதாது; ஒவ்வொரு வரியிலும் செய்யத்தக்க ஒரு செயல் இருக்க வேண்டும். சன்னலைச் சாத்துக. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி எதனையும் ஏற்றாதிருக்க. எண்ணெயில் பொரிப்பதைத் தவிர்க்க. வெளியே போக நேர்ந்தால் என்95 முகக்கவசத்தை மூக்கோடு நன்கு பொருந்த அணிக. துணிக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. மூச்சுநோய்க்கான மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க.

இரண்டாவது, நோயறிகுறிச் சொற்களைத் தொகுத்தல். முதியவர் ‘மூச்சுத்திணறல்’ என்று சொல்வதில்லை. ‘இழுக்குது’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘மூச்சு வாங்குது’ என்பர். இம்மூன்றும் ஒன்றல்ல. இழுப்பு ஆஸ்துமாவைச் சுட்டலாம். நெஞ்சடைப்பு இதயத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தாதியிடமோ மருத்துவரிடமோ மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டிலுள்ள பேரப்பிள்ளைக்கே வாய்க்கிறது. இச்சொற்களின் வேறுபாட்டை அப்பிள்ளை அறிந்திருப்பது மொழிப்பாடம் மட்டுமன்று.

மூன்றாவது, செய்தி வாக்கியங்களில் எழுவாயைத் தேடுதல். மேலே கண்ட நான்கு வாக்கியங்களைப் போலச் செய்தித்தாளில் வருவனவற்றைத் திரட்டி, யார் செய்தார், எதற்காகச் செய்தார், யார் துன்புற்றார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை உள்ளதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்னும் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர்கள் அப்போது உணர்வார்கள்.

நிறைவாக

2015இல் புகை மீண்டும் வந்தபோது நான் அக்காளை நேரில் சென்று பார்த்தேன். எண் எதையும் சொல்லவில்லை. சாம்பிராணிப் புகையும் காட்டுப் புகையும் நெஞ்சுக்குள் போனால் ஒன்றுதான் என்றேன். சற்று நேரம் யோசித்தவர், “அப்போ அந்த ஊர்ல இருக்கிற பிள்ளைங்க என்ன பண்ணும் தம்பி?” என்று கேட்டார். பிறகு எழுந்து போய், தூபக்காலை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அவருடைய கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் குறியீட்டின் எண்ணைக் கேட்டபோது அவருக்குத் தோன்றாத அக்கேள்வி, விளங்கும் சொல்லில் கேட்டவுடனே தோன்றியதை நான் கவனித்தேன். அடுத்த புகை வருவதற்குள் நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒருவருக்கேனும் இதனை விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லட்டும்.